பாசாருக்கு மூன்றாவது இடம்

"உனக்கு எல்லாம் தெரியுதும்மா. ஆனா எதுக்கு முன்னாடி எதுன்னு தெரியாது. அது படிச்சு வர்றது இல்ல."

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எங்கள் பிரிவின் தலைவர் இப்படிச் சொன்னார். அறையில் எல்லாரும் அவரை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். சாலாக் செலாத்தானில் வளர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியவர், பிளாஸ்டிக் பையில் கட்டி வந்த தே தாரிக் என்கிற பால் தேநீரை ஸ்ட்ராவால் உறிஞ்சிக்கொண்டே பேசுகிறவர். அன்றைக்கும் உறிஞ்சிக்கொண்டேதான் சொன்னார். மழை வரும் போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரியான குரல். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்தை முடித்ததில்லை. அப்பா காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு நின்று, பிறகு உடம்பு இடம் கொடுத்த வரைக்கும் சிமெண்டு லோரி ஓட்டினார். அம்மா பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்ததே என்னைச் சேர்க்கப் போன அன்றைக்குத்தான். பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிய என் படம் கிள்ளான் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டும்போது அம்மா அதற்கும் சேர்த்துக் காட்டிவிடுவார். எனக்கு இதில் பெருமைதான். வெட்கப்பட ஒன்றுமில்லை. அதனால்தான் பாஸ் சொன்னது உள்ளே போய்த் தைத்தது.

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கட்டடத்தின் எட்டாவது மாடியில் எங்கள் கண்ட்ரோல் ரூம். ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்று தெரியாது. சுவர் முழுக்கத் திரை, திரை முழுக்கக் கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் ஒளியிழைப் பாதைகள். பிரிக்பீல்ட்ஸில் தண்டவாளங்களுக்குப் பின்னால் ஒரு நிலையம், கிள்ளானில் ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு நிலையம், நடுவில் சின்னதாகச் சில. மண்ணுக்கடியில் போகிற கண்ணாடி இழை ஒரு தலைமுடி அளவுதான் இருக்கும். அதற்குள் பல நிற ஒளிகள் ஒன்றோடொன்று கலக்காமல் ஓடுகின்றன. ஒவ்வொரு நிறமும் தனிப் பாரம் சுமக்கிறது. ஒன்றில் வங்கிகள், இன்னொன்றில் கைத்தொலைபேசிக் கோபுரங்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியாத நிறங்கள்தான். ஆனாலும் அவற்றுக்கு நம்பர் போட்டு, கலர் என்றே சொல்வோம்.

அப்பாவுக்கு இதை ரோடு வைத்து விளக்கினேன். பெரிய ஹைவே ஒன்று, அதில் ஒவ்வொரு கலரும் ஒரு பாதை. ஹைவே உடைந்தால் தெற்கே ஸ்ரீ கெம்பாங்கான் பக்கமாகச் சுற்றிப் போகிற சின்ன ரோடு ஒன்று உண்டு. அதில் எல்லா லோரிக்கும் இடமில்லை. எந்த லோரியை முதலில் விடுவது, எதை நிறுத்தி வைப்பது என்று பார்ப்பதுதான் என் வேலை.

"அப்ப நீ டிராபிக் போலிஸ்."

"இல்லப்பா, எஞ்சினியர்."

"வெயில்ல நிக்காத டிராபிக் போலிஸ். நல்ல வேலதான் லா."

நான் சேர்ந்த காலத்தில் இந்த வேலை இன்னும் கையால் நடந்துகொண்டிருந்தது. எங்காவது இழை அறுந்தால் பாஸ் இரண்டு தொலைபேசிகளை எடுத்து வைத்துக்கொள்வார். ஒன்றில் பிரிக்பீல்ட்ஸ், ஒன்றில் கிள்ளான். "பதினாலு ஏத்துங்க" என்பார். "பதினாலு ஏத்துறோம்" என்று அங்கிருந்து திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்த பேச்சு. ஒரு கலரை மாற்றுப் பாதையில் ஏற்றி, அது நிலைக்கிற வரை காத்திருந்து, பிறகு அடுத்ததை ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு மொத்தமாக ஏற்றினால் அங்கே ஏற்கெனவே ஓடுகிற கலர்களின் வெளிச்சமும் ஆட ஆரம்பித்துவிடும். முதலில் அவசர அழைப்பு லைன்கள். அடுத்தது கோபுரங்கள். மூன்றாவதாக, ஒவ்வொரு தடவையும், முப்பத்தொன்றாம் நம்பர் கலர்.

முப்பத்தொன்றுக்கு அறையில் பாசார், அதாவது சந்தை, என்று பெயர். பக்கத்து மேசை அக்காதான் அதை எனக்குச் சொன்னார். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸ் குடும்பத்தில் பிறந்தவர், ஞாயிற்றுக்கிழமை எந்த ஷிப்ட் போட்டாலும் சர்ச்சுக்குப் போய்விட்டுத்தான் வருவார்.

"ஏன்க்கா பாசார்னு பேரு?"

"எல்லாம் கெடக்கும் அதுல. கிள்ளான்ல இருக்குற சின்னச் சின்ன லைன் மொத்தமும். கிளினிக்கு, டியூஷன் சென்டர், டயர் கட, பூக்கட, கோயில் ஆபீஸ், ரத்தச் சுத்திகரிப்பு மையம். மீன் தவிர எல்லாம் இருக்கு."

"அது ஏன் மூணாவது? வங்கியெல்லாம் அதுக்குப் பின்னாடி நிக்குது."

"அது அப்படித்தான். படிச்ச மேடம், எல்லாத்துக்கும் ரூல் கேக்காதீங்க."

ரத்தச் சுத்திகரிப்பு மையம் என்று அக்கா சொன்னபோது நான் திரையைப் பார்த்துக்கொண்டேன். அந்த மையம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு தர்ம அமைப்பு நடத்துவது. கடை வரிசைக்கு மேலே முதல் மாடி, ஏறுவதற்குள் மூச்சு வாங்கும் படிகள், சுவரோரம் நாற்காலிகள். அப்பா திங்கள், புதன், வெள்ளி அங்கேதான் போகிறார். இதை நான் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. பாவம் என்று யாராவது என்னைப் பார்ப்பதை என்னால் தாங்க முடியாது. படித்து இவ்வளவு தூரம் வந்தது அதற்காக இல்லை.

பிறகு மென்பொருள் வந்தது. கண்ட்ரோலர் என்று சொன்னோம். அதுவரை ஒவ்வொரு நிலையத்துப் பெட்டியும் தன் இடத்தை மட்டும் அறிந்திருந்தது. மொத்தப் படமும் பாஸின் தலையில்தான் இருந்தது. கண்ட்ரோலர் அந்தப் படத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டது. எந்த இடத்தில் ஒளி எவ்வளவு மங்குகிறது, எந்தப் பாதையில் எத்தனை கலருக்கு இடம் மிச்சம், எதை எந்த வேகத்தில் ஏற்றினால் மற்றவை ஆடாது, எல்லாவற்றையும் ஓரிடத்தில் கணக்குப் போட்டு எல்லாப் பெட்டிகளுக்கும் அதுவே கட்டளை அனுப்பும். தொலைபேசி வேண்டாம். திருப்பிச் சொல்ல வேண்டாம்.

எனக்கு அது பிடித்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மிகவும் பிடித்திருந்தது. அறையில் அதை முதலில் முழுதாகப் புரிந்துகொண்டது நான்தான். அதனால் அதற்கு விதிகள் எழுதும் வேலை என்னிடம் வந்தது. எந்தக் கலருக்கு எந்த இடம், எது எதற்கு வழி விட வேண்டும், யார் எதைத் தொட்டாலும் பெயரும் நேரமும் பதிவாக வேண்டும் என்பதெல்லாம் நான் எழுதியது. முதல் வாரம் பாஸ் சொன்னதற்கு இதுதான் பதில் என்று உள்ளுக்குள் நினைத்துக்கொண்டேன். எதற்கு முன்னால் எது என்று இப்போது நான் எழுதுகிறேன்.

பாசாரை மூன்றாவதாகவே எழுதினேன். பாஸ் என் மேசைக்கு வந்து குனிந்து படித்தார்.

"இது ஏன் இங்க இருக்கு?"

"எப்பவும் இங்கதானே பாஸ் இருக்கும்?"

"எந்தக் கான்ட்ராக்ட்ல அப்படி இருக்கு?"

"கான்ட்ராக்ட்ல இல்ல. ஆனா நீங்களே…"

"கான்ட்ராக்ட்ல இல்லன்னா கடைசி. மெஷினுக்குக் காரணம் வேணும்மா."

"ரத்தச் சுத்திகரிப்பு மையம் இருக்கு, கிளினிக் இருக்கு. அது காரணம் இல்லையா?"

"அவங்க எடுத்தது மலிவு லைன். இதவிட மேல காசு குடுத்து எடுத்தவன் கேப்பான்."

அவர் என் விசைப்பலகையை எடுக்கவில்லை. "மாத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றார். நான் மாற்றவில்லை. "நீங்களே மாத்துங்க பாஸ், உங்க பேர்ல" என்றேன். அக்கா பக்கத்தில் இருமினார். பாஸ் தன் இடத்துக்குப் போய், தன் பெயரில் உள்ளே நுழைந்து, பாசாரைக் கடைசிக்குத் தள்ளினார். திரையில் அந்த வரி நகர்வதை நான் பார்த்தேன். அன்றைக்குக் கொமூட்டர் ரயிலில் வீடு திரும்பும்போது கிள்ளான் வரை நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை.

கொஞ்ச காலம் கண்ட்ரோலர் எங்களைக் கேட்டுக் கேட்டுச் செய்தது. அது வழி சொல்லும், நாங்கள் சரி என்போம். பிறகு தலைமை அலுவலகம் அதைத் தானாகவே இயங்க விடச் சொன்னது. விட்ட முதல் வாரத்திலேயே அந்தப் புதன்கிழமை வந்தது.

காலை பத்து மணி தாண்டியிருக்கும். தலைமை அலுவலகத்து ஆட்கள் இருவர் புது முறையைப் பார்க்க வந்து எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். திரையில் கிள்ளான் போகும் பெரிய பாதை சிவப்பாக மாறியது.

"ஹைவே ஓரம் ஏதோ சைட்ல பெக்கோ வெட்டிருச்சு போல" என்றார் அக்கா. மண் தோண்டுகிற அந்த இயந்திரங்கள்தான் எங்கள் எதிரி. எலிகூட அடுத்த இடம்தான்.

பழக்கத்தில் பாஸின் கை தொலைபேசியை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றது. அதற்குள் திரையில் கோடுகள் மாறத் தொடங்கியிருந்தன. அவசர அழைப்பு பச்சை. கோபுரங்கள் பச்சை. வங்கி ஒவ்வொன்றாகப் பச்சை. தகவல் கிடங்குகள் பச்சை. ஒரு வெளிச்சமும் ஆடவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பின்னால் நின்ற இருவரில் ஒருவர் கை தட்டினார். மற்றவர் என் பெயரைக் கேட்டார்.

மாற்றுப் பாதை நிறைந்துவிட்டது. அடியில் ஒரே ஒரு வரி சாம்பல் நிறத்தில் நின்றது. முப்பத்தொன்று.

"பாஸ், பாசார் நிக்குது."

"தெரியுது."

"இருபத்தேழு பகல்ல சும்மாதான் ஓடுது. ராத்திரி கிடங்குக்கு நகல் எடுக்குற கலர் அது. அத இறக்கிட்டு இத ஏத்தலாம். சாயங்காலம் திரும்ப மாத்திடலாம்."

"இருபத்தேழு கான்ட்ராக்ட்ல மேல இருக்கு."

"முன்னல்லாம் செஞ்சீங்களே பாஸ். யாருக்குத் தெரியப் போகுது?"

அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"யாருக்குத் தெரியும்னா கேக்குற? நீ தொட்ட உடனே பேரு, நேரம், எல்லாத்தையும் அது எழுதி வைக்கும். நீதானம்மா அப்படி எழுத வச்ச?"

தொடுவதற்கு எனக்கு அனுமதியும் இல்லை. இயங்குகிற விதியை மீற இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும், அதில் ஒருவர் அவர். அறுந்த இடத்துக்கு ஆட்கள் போய், குழியில் தேங்கிய தண்ணீரை இறைத்து, இழைகளை ஒட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை பாசார் சாம்பலாகவே இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அப்பா எந்த நாற்காலியில் இருப்பார் என்று எனக்குத் தெரியும். கதவிலிருந்து இரண்டாவது. சுவர்க் காற்றாடிக்கு நேரே என்று அவர் கேட்டு வாங்கிய இடம்.

வீட்டுக்குப் போனபோது அப்பா கால்களைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கணுக்கால் வீங்கியிருந்தது.

"இன்னிக்கு லேட்டு பாப்பா. லைன் இல்லன்னாங்க. எங்க விவரமெல்லாம் கம்ப்யூட்டர்லதான் இருக்காம். பழைய ஆளுங்களுக்கு ஞாபகத்துல இருந்து எழுதிச் செஞ்சாங்க. அடுத்த செட் ஆளு வெளிய நிக்குதுன்னு மெஷினச் சீக்கிரமே கழட்டிட்டாங்க."

"எவ்வளவு சீக்கிரம்?"

"கொஞ்சம்தான். அத விடு. நான் நர்சுப் பொண்ணுகிட்ட சொன்னேன், பயப்படாதீங்க, என் மக அங்கதான் வேல செய்றா, இப்ப மாத்தி விட்டுருவான்னு. எல்லாருக்கும் சொன்னேன். சீனக் கெழவர் ஒருத்தர் தம்ஸ் அப்லாம் காட்டினாரு."

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் கைப்பையை இறக்கி வைக்காமல் நின்றேன்.

"மாத்தினோம்பா."

"அப்ப ஏன் வரல?"

"நமக்கு எடம் இல்ல."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. லோரி ஓட்டின காலத்தில் கிடங்கு வாசலில் பெரிய கம்பெனி வண்டிகள் உள்ளே போகிற வரைக்கும் ஓரமாக நின்றவர். எனக்காகத்தான் கேட்காமல் விட்டார் என்று புரிந்தது. டிவியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்.

பிறகு அம்மாதான் மீதியைச் சொன்னார். அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலி ஒரு காப்பார் ஆன்டியுடையது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் இந்த மையத்துக்கு மாற்றி விடப்பட்டவர். அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவை டாக்டர் வேறொரு இடத்தில் உட்கார்ந்து லைன் வழியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். லைன் இல்லை. நர்சு போன் செய்தபோது, முடிவைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மத்தியானம் வரை காக்க வைத்து, நாளைக்கு வாங்க ஆன்டி என்று அனுப்பிவிட்டார்கள். பஸ் பிடித்துப் போனாராம். மறுநாள் விடிவதற்குள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெள்ளிக்கிழமை அந்த நாற்காலி காலியாக இருந்தது. அதற்கடுத்த வாரமும் காலி. அப்புறம் ஒருநாள் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து மகன் தள்ளிக்கொண்டு வந்தார், அந்தப் படிகளில் இரண்டு பேர் தூக்கி ஏற்றினார்கள் என்றார் அப்பா. முன்பு கலகலவென்று பேசுகிறவர் இப்போது தூங்குகிற மாதிரியே இருக்கிறாராம்.

அது லைனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏற்கெனவே நலிந்த உடம்பு. அன்றைய சம்பவத்தைப் பற்றி எங்கள் அலுவலகத்தில் எழுதிய அறிக்கையில் காப்பார் ஆன்டி இல்லை, இருக்கவும் முடியாது. முன்னுரிமை உள்ள எல்லா இணைப்புகளும் ஒரு நிமிடத்துக்குள் மீட்கப்பட்டன என்று இருந்தது. கடைசியில் நன்றி சொல்லி என் பெயரைப் போட்டிருந்தார்கள். என் பெயர் முதன்முதலாக ஒரு அறிக்கையில் வந்தது அன்றைக்குத்தான். அம்மாவிடம் அதைக் காட்டவில்லை. காட்டியிருந்தால் அதற்கும் சாம்பிராணி காட்டியிருப்பார்.

அறிக்கை வந்ததற்கு அடுத்த வாரம் அக்காவோடு கேண்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"பாசார மூணாவதா வச்சது யாருக்கா? முதமுதல்ல?"

அக்கா மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"யாருன்னு நெனைக்கிற? அவருதான்."

"பாஸா?"

"நான் வந்த புதுசுல ஒரு தடவ கேட்டேன், ஏன் பாஸ்னு. அதுல ஜனங்க இருக்காங்கன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. அதுக்கப்புறம் யாரும் கேக்கல."

அந்த மத்தியானம் நான் நேராக அவரிடம் போனேன். அவர் மேசையில் இரண்டு தொலைபேசிகளும் இன்னும் இருந்தன. ஒன்றின் மேல் தே தாரிக் பை தொங்கியது.

"நீங்கதான் வச்சிருக்கீங்க பாஸ். இத்தன வருஷம். எனக்கு எதுக்கு முன்னாடி எதுன்னு தெரியாதுன்னு சொன்ன நீங்களே அதக் கடைசில போட்டீங்க."

அவர் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தார். சுற்றிலும் பார்த்தார். அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டார், காதில் எதுவும் ஓடாமலே.

"கையால செஞ்சப்ப யாரும் கேக்கல. கேட்டாலும் அவசரத்துல மாறிப் போச்சுன்னு சொல்லலாம். எழுதிட்டா அது கம்பெனி சொல்லு. நாளைக்கு ஒரு வங்கிக்காரன், ஒரு பூக்கட எனக்கு முன்னாடி ஏன் போச்சுன்னு கேட்டா, யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நீ சொன்னா என்ன கேப்பாங்க தெரியுமா? உங்கப்பா அங்கதான் போறாராமேன்னு கேப்பாங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன் லீவு எல்லாம் என்கிட்டதானம்மா வருது. டாக்டர் சீட்டோட."

அவருக்கு வெகு நாளாகத் தெரிந்திருக்கிறது. ஒரு தடவைகூட முகத்தில் காட்டியதில்லை. அந்தப் புதன்கிழமையும் தெரிந்துகொண்டுதான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அது எனக்கு ஆறுதலா, இன்னும் பெரிய வருத்தமா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. ஒன்றுமட்டும் புரிந்தது. இத்தனை வருடம் பாசாரை மூன்றாவதாக வைத்திருந்தது அவருடைய துணிச்சல் என்று அக்கா சொன்னதும் நினைத்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை என்பதால்தான் அது நடந்திருக்கிறது. நான் விதி எழுதிய மென்பொருள் எல்லாவற்றையும் பார்க்கிறது. பார்க்க ஆரம்பித்ததும் அது நின்றுபோனது.

பழைய முறை திரும்ப வராது. வர வேண்டும் என்றும் நான் ஆசைப்படவில்லை. கிள்ளான் நிலையத்தில் இப்போது ஆள் இல்லை, பெட்டிகள் மட்டும்தான். தொலைபேசி எடுத்தால் அங்கே மணி அடிக்கும், அவ்வளவுதான். இனி இரக்கப்பட வேண்டுமானால் அதையும் எழுதித்தான் வைக்க வேண்டும், அடியில் ஒருவருடைய பெயரோடு.

இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு மாற்றக் கோரிக்கை எழுதினேன். விதியை மாற்ற வேண்டும் என்றால் கண்ட்ரோலரில் அப்படித்தான் கேட்க வேண்டும். முப்பத்தொன்று மூன்றாவது இடத்துக்கு வர வேண்டும். மாற்றுப் பாதை நிறைந்தால், பகல் நேரத்தில் வேலையில்லாத இருபத்தேழு அதற்கு வழி விட வேண்டும், இருட்டுவதற்குள் தன் இடத்தைத் திரும்பப் பெற வேண்டும். அந்தக் கலரின் சொந்தக்காரரிடம் கம்பெனி முறைப்படி சம்மதம் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் சோதனைத் தளத்தில் ஓட்டிப் பார்த்தேன். எந்த வெளிச்சமும் ஆடவில்லை. காரணம் என்ற இடத்தில் ரத்தச் சுத்திகரிப்பு மையத்தையும் கிளினிக்குகளையும் எழுதினேன்.

அதன் பிறகு நீண்ட நேரம் கை ஓடவில்லை. கடைசியில் மேலே போய், முதல் வரிக்கு முன்னால் இன்னொரு வரி சேர்த்தேன்: இந்தக் கோரிக்கையை எழுதுகிறவரின் தந்தை அந்த மையத்தில் சிகிச்சை பெறுகிறார். எழுதி முடித்ததும் யாரோ என் வீட்டுக் கதவை விரியத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. அழிக்கவில்லை. பிறர் கேட்டு நான் சொல்வதைவிட நானே முதலில் சொல்வது மேல்.

அனுப்பினேன். சில நொடிகளில் பாஸின் திரையில் அது வந்து நின்றது. அவர் படித்தார். முதல் வரியில் நின்றார் என்று அவர் தலை அசையாமல் இருந்ததிலிருந்து தெரிந்தது.

"இதெல்லாம் எதுக்கும்மா எழுதுன?"

"கேப்பாங்கன்னீங்களே."

"இத எடுக்க முடியாது, தெரியும்ல? எப்பவும் இருக்கும்."

"தெரியும் பாஸ்."

"இப்ப என்கிட்ட வந்து நிக்குது."

"ஆமா."

"நான் கையெழுத்துப் போடலன்னா?"

"போடலன்னு எழுதி வைக்கும்."

அக்கா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார். பாஸ் சிரிக்கவில்லை. பையில் மிச்சமிருந்த தே தாரிக்கை உறிஞ்சினார். அது ஏற்கெனவே தீர்ந்திருந்தது, வெறும் காற்றுச் சத்தம்தான் வந்தது.

அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மறுக்கவும் இல்லை. காலையில் வந்ததும் அதைத் திறக்கிறார், படிக்கிறார், மூடுகிறார். அவர் திறந்ததையும் மூடியதையும் கண்ட்ரோலர் எழுதி வைக்கிறது. நான் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும். நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. காப்பார் ஆன்டி இப்போதெல்லாம் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டே இருக்கிறாராம். அப்பா தன் காற்றாடியை அவர் பக்கம் திருப்பி விடச் சொல்லியிருக்கிறார். ஹைவே ஓரம் புதிதாக இன்னொரு கட்டுமான வேலை தொடங்கியிருப்பதைக் கொமூட்டர் ஜன்னல் வழியே தினமும் பார்க்கிறேன். மஞ்சள் இயந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன.

ஆகவே நேற்று மதியம், சாப்பாட்டு நேரத்தில், அந்தக் கோரிக்கையின் நகலைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். அன்றைக்கு என் பெயரைக் கேட்டாரே, அவருக்கு. முதல் வரியையும் எடுக்காமல்.